லாரி விற்பனை ஏன் ஏறி இறங்குகிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு வரும் மலைப்பாதையில் நீங்கள் பயணம் செய்திருக்கக்கூடும். தேயிலை மூட்டைகளை ஏற்றிய லாரிகள் எதிரே மெல்ல இறங்கி வரும். அரசுப் பேருந்துகள் வளைவுக்கு வளைவு ஒலி எழுப்பி ஏறிச் செல்லும். அவற்றுள் பலவற்றின் முகப்பில் அசோக் லேலண்ட் என்ற பெயரைக் காணலாம். 1948-ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் இன்றைய பெயரைப் பெற்ற நிறுவனம் இது. சென்னையை அடுத்த எண்ணூரிலும், ஓசூரிலும் இதற்குத் தொழிற்சாலைகள் உள்ளன.

வாகன நிறுவனங்கள் சென்ற மாதத்தில் எத்தனை வண்டிகள் விற்றோம் என்பதை ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் அறிவிக்கின்றன. "விற்பனை உயர்ந்தது", "விற்பனை சரிந்தது" என்று மறுநாள் நாளிதழ்களில் படிக்கிறோம். 2019 ஆகஸ்டு மாதத்தில் அசோக் லேலண்டின் விற்பனை, அதற்கு முந்தைய ஆண்டின் ஆகஸ்டில் விற்றதில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. அடுத்த செப்டம்பரில் எண்ணூர் ஆலைக்கு 16 நாட்களும், ஓசூர் ஆலைகளுக்கு 5 நாட்களும் வேலையில்லா நாட்கள் என்று நிறுவனம் அறிவித்தது. பெரிய ஆலை நின்றால், அதற்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளும் நிற்கும். எத்தனையோ குடும்பங்களின் வருவாய் இந்த ஓர் எண்ணோடு பிணைந்திருக்கிறது. அதை ஏற்றி இறக்கும் காரணங்கள் எவை என்று பார்ப்போம்.

விற்பனை என்பது எது?

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். நிறுவனம் "விற்றோம்" என்று சொல்வது, பெரும்பாலும் ஆலையிலிருந்து விற்பனை முகவர்களுக்கு அனுப்பிய வண்டிகளின் எண்ணிக்கையே. லாரி உரிமையாளர் ஒருவர் பணம் கட்டி ஓட்டிச் சென்ற வண்டிகளின் எண்ணிக்கை அன்று.

குன்னூருக்குக் குடிநீர் தரும் ரேலியா அணையை நினைத்துக் கொள்ளுங்கள். அணைக்குள் வரும் நீர் ஒரு கணக்கு. குழாய் வழியே வீடுகளுக்குச் செல்லும் நீர் மற்றொரு கணக்கு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அணையின் நீர்மட்டத்தில் தெரியும். முகவரிடம் நிற்கும் வண்டிகளின் இருப்பும் இவ்வாறானதே. ஆலை அனுப்புவது வரத்து. மக்கள் வாங்குவது வெளியேற்றம். மக்கள் வாங்குவது குறைந்த பின்னும், சில காலம் ஆலை வண்டிகளை அனுப்பிக்கொண்டிருக்க இயலும். அப்போது நாளிதழில் விற்பனை நன்றாகவே தோன்றும். முகவரின் மைதானமோ நிரம்பி வழியும். பின்னர் ஆலை திடீரெனக் கதவை அடைக்க வேண்டி வரும். ஆகவே மக்கள் உண்மையில் வாங்கியதை அறிய, வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் பதிவான வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். முகவர்களின் சங்கம் மாதந்தோறும் வெளியிடுவது இந்தக் கணக்கையே.

சுமை இருந்தால்தான் லாரி

லாரியை அழகுக்காக யாரும் வாங்குவதில்லை; ஏற்றுவதற்குச் சுமை இருக்கிறது என்பதற்காகவே வாங்குகிறார்கள். ஆனால் சுமை சிறிது மாறினால் லாரி விற்பனை பெரிதும் மாறுகிறது. இதைச் சிறு கணக்கால் விளக்குவோம்.

ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் 100 லாரிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு லாரியின் ஆயுள் 10 ஆண்டு. எனவே ஆண்டுதோறும் 10 லாரிகள் கழிக்கப்பட்டு, 10 புதியவை வாங்கப்படும்.

அடுத்த ஆண்டு சுமை 10 விழுக்காடு கூடுகிறது. இப்போது 110 லாரிகள் தேவை. கழித்தவற்றுக்கு 10, கூடுதலுக்கு 10, ஆக 20 லாரிகள் வாங்க வேண்டும். சுமை 10 விழுக்காடுதான் கூடியது. லாரி விற்பனையோ இரு மடங்காகிவிட்டது!

மூன்றாம் ஆண்டில் சுமை அதே அளவில் நிற்கிறது. கழித்த 10-க்குப் பதில் 10 மட்டும் வாங்கினால் போதும். சுமை சிறிதும் குறையவில்லை. ஆயினும் விற்பனை பாதியாகிவிட்டது.

நான்காம் ஆண்டில் சுமை பழைய அளவுக்கு இறங்கினால் 100 லாரிகள் போதும். கழிக்கும் 10-க்குப் பதில் வாங்கவே வேண்டாம். விற்பனை சுழியாகிவிடும்.

பொருளியலார் இதை முடுக்கி விதி என்பர். உந்து வண்டியின் வேகம் மாறும் அளவை முடுக்கம் என்று நீங்கள் இயற்பியலில் படித்திருக்கிறீர்கள். அதுபோல, லாரி விற்பனை சுமையின் அளவைப் பொறுத்ததன்று. சுமை கூடுகின்ற வேகத்தைப் பொறுத்தது.

2018, 2019-இல் நடந்தது என்ன?

2018 ஜூலையில், லாரிகள் சட்டப்படி ஏற்றக்கூடிய எடையை மத்திய அரசு உயர்த்தியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. வெற்று லாரியின் எடை 9 டன் என்று கொண்டால், சரக்கின் எடை 16 டன்னிலிருந்து 19.5 டன்னாக உயரும். முன்பு 100 லாரிகள் சுமந்த 1,600 டன்னை இனி ஏறக்குறைய 82 லாரிகளே சுமந்துவிடும் அல்லவா? நாட்டின் சாலைகளில் புதிய லாரிகள் திடீரென வந்து சேர்ந்தது போன்ற விளைவு இது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் தன் கடன் தவணைகளைச் செலுத்த இயலாமல் போயிற்று. அச்சம் மற்ற நிதி நிறுவனங்களுக்கும் பரவியது. கடன் கிடைப்பது அரிதாயிற்று. லாரி வாங்குவோரில் பெரும்பாலோர் கடன் பெற்றே வாங்குகின்றனர். 30 லட்சம் ரூபாயை 5 ஆண்டுத் தவணையில் பெற்றால், வட்டி 9 விழுக்காட்டிலிருந்து 11 ஆகும்போது மாதத் தவணை ஏறக்குறைய 3,000 ரூபாய் கூடுகிறது. கடனே கிடைக்காவிட்டால் வாங்குதல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவதாக, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகைக்கட்டுப்பாட்டு நெறி வரவிருந்தது. அதன் பின் பழைய பி.எஸ்.4 வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்திருந்தது. எனவே முகவரிடம் இருப்பு தேங்காமல் பார்த்துக்கொள்வது அவசியமாயிற்று. வெளியேற்றம் குறைந்த வேளையில் வரத்தையும் அடைத்தாக வேண்டும். எண்ணூரின் 16 வேலையில்லா நாட்களுக்குப் பின்னே இத்தனை காரணங்கள் இருந்தன.

இருப்பைக் குறைக்கத் தவறினால் என்ன ஆகும்? 2017 மார்ச் 29 அன்று, ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அப்போது நாடெங்கும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய நெறி வண்டிகள் விற்காமல் நின்றன. பெரும்பாலானவை இருசக்கர வண்டிகள். எஞ்சிய இரண்டு நாட்களில் பல்லாயிரம் ரூபாய் தள்ளுபடி தந்து அவற்றை விற்க முகவர்கள் முண்டியடித்தனர். அந்த மாதத்து எண்ணை மட்டும் பார்த்தவர், மக்களின் வருவாய் திடீரெனப் பெருகிவிட்டதாக எண்ணியிருப்பார்!

காத்திருப்பும் நாள்காட்டியும்

நாளை விலை குறையும் என்று தெரிந்தால் இன்று யார் வாங்குவார்? சரக்கு மற்றும் சேவை வரி குறையும் என்ற அறிவிப்பு 2025 ஆகஸ்டு 15 அன்று வந்தது. செப்டம்பர் 22 முதல் சிறிய கார்கள், லாரிகள், பேருந்துகள் ஆகியவற்றின் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. இடைப்பட்ட வாரங்களில் பலர் வாங்குவதைத் தள்ளிவைத்தனர். தள்ளிப்போன விற்பனை பின்னர் சேர்ந்து வந்தது.

நாள்காட்டிக்கும் இதில் பங்குண்டு. தமிழகத்தில் ஆடி மாதத்தில் புது வண்டி எடுக்கப் பலர் தயங்குவர். ஆயுதபூசை, தீபாவளி நாட்களில் கூட்டம் பெருகும். 2022-இல் தீபாவளி அக்டோபர் 24-இல் வந்தது. 2023-இல் நவம்பர் 12-இல் வந்தது. எனவே இவ்விரு ஆண்டுகளின் அக்டோபரை ஒப்பிட்டு "சரிந்தது" என்பது பொருந்தாது. ஒப்பீட்டில் இன்னொரு விந்தையும் உண்டு. கொரோனா ஊரடங்கால் 2020 ஏப்ரலில் மாருதி சுசுகி நிறுவனம் உள்நாட்டில் ஒரு காரைக்கூட விற்கவில்லை. 2021 ஏப்ரலின் வளர்ச்சி எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டுப் பாருங்கள். சுழியால் வகுக்க இயலாதே!

நீங்களே அளந்து பாருங்கள்

இனி வாகன விற்பனைச் செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது ஆலை அனுப்பிய கணக்கா, மக்கள் வாங்கிய கணக்கா? முகவரிடம் இருப்பு எவ்வளவு? எந்த மாதத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்? விதியோ, வரியோ, கடன் வட்டியோ மாறியதா?

குன்னூரில் இருப்போருக்கு ஓர் எளிய ஆய்வும் உண்டு. உதகை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகும் வண்டிகள் டி.என். 43 என்ற எண்ணைப் பெறுகின்றன. அதன் பின்வரும் எழுத்துகளும் எண்களும் பெரும்பாலும் வரிசையாகவே வழங்கப்படுகின்றன. பேருந்து நிலையத்தருகே நின்று, இந்த வாரம் நீங்கள் காணும் மிகப் புதிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் கழித்து மீண்டும் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, அந்த மாதத்தில் பதிவான புது வண்டிகளின் தோராயமான எண்ணிக்கை. மஞ்சள் பலகை உள்ள வாடகை வண்டிகளைத் தனியே எண்ணுங்கள். பசுந்தேயிலைக்கு நல்ல விலை கிடைத்த மாதங்களுக்குப் பின் அவை கூடுகின்றனவா என்று ஓராண்டு தொடர்ந்து பாருங்கள். உங்கள் குறிப்பேட்டில் சேரும் எண்கள், ஆலையின் அறிவிப்பு சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்லக்கூடும்.