பேரனுக்கும் ஒரு பிரெட்!



கோதுமை பக்கமே போகக் கூடாத குழந்தை உங்கள் வீட்டில் உண்டா? அப்படியானால் இந்தக் கடிதம் உங்களுக்குத்தான்.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஏழு வயது. அவனுக்கு 'சீலியாக்' நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் 'குளூட்டன்' என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கிப் பாழாக்கிவிடும். சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாது. இதற்கு ஆயுள் முழுக்கப் பத்தியம்தான் வைத்தியம்.

இது உறவுக்காரர்களுக்குப் புரிவதில்லை. "ஒரு துண்டு கேக் தின்னா என்ன ஆயிடப் போகுது? பாவம், குழந்தை ஏங்குது பாருங்க" என்று வாயருகே கொண்டு போய்விடுகிறார்கள். ஏங்குவது உண்மைதான். அதற்காக அந்த ஒரு துண்டைக் கொடுத்துவிட முடியுமா?

குளூட்டன் இல்லாத பிரெட் கடையில் யானை விலை. பேக்கரியில் நம் மாவைக் கொடுத்துச் சுடச் சொல்லலாமென்றால், அங்கே காற்றில்கூட மைதா பறக்கிறது. எங்கள் வீட்டில் ஓவனும் இல்லை. இருந்தது ஸ்லோ குக்கர் ஒன்றுதான். "சூப்பு வெக்கிற குக்கர்ல பிரெட்டாங்க அத்தை?" என்று மருமகன் சிரித்தார். இப்போது முதல் துண்டு அவருக்குத்தான் வேண்டுமாம்!

தேவை: பச்சரிசி மாவு 200 கிராம், ஜவ்வரிசி மாவு 100 கிராம், இசப்கோல் 20 கிராம் (மருந்துக் கடையில் கிடைக்கும், வாசனை சேர்க்காதது), டிரை ஈஸ்ட் 2 டீஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 350 மி.லி.

செய்முறை: 100 மி.லி. தண்ணீரில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து, நுரைக்கும் வரை பத்து நிமிடம் வையுங்கள். மீதித் தண்ணீரில் இசப்கோலைக் கலக்கினால் கொழகொழவென்று கெட்டியாகும். கோதுமை மாவில் குளூட்டன்தான் காற்றைப் பிடித்து வைத்து பிரெட்டை உப்ப வைக்கிறது. இங்கே அந்த வேலையை இசப்கோல் செய்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, பட்டர் பேப்பரில் வைத்து அப்படியே குக்கருக்குள் இறக்குங்கள். மூடி 45 நிமிடம் விடுங்கள். மாவு பூரித்ததும் 'ஹை'யில் 2 மணி நேரம் வையுங்கள்.

மூடிக்கு அடியில் ஒரு பருத்தித் துணியை விரித்து, நுனிகளை மேலே தூக்கி முடிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆவித் தண்ணீர் சொட்டி மேல்பக்கம் சொதசொதவென்று ஆகிவிடும். முதல் ஒன்றரை மணி நேரம் மூடியைத் திறக்கவே கூடாது. கம்பியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். ஒட்டினால் இன்னும் கால் மணி நேரம். மேல்பக்கம் வெளுப்பாகத்தான் இருக்கும். தோசைக்கல்லில் நெய் விட்டுத் திருப்பிப் போட்டால் சிவந்துவிடும். நன்றாக ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

அரிசியை மில்லில் கொடுக்காதீர்கள். அதே மிஷினில்தான் கோதுமையும் அரைப்பார்கள். கழுவி, உலர்த்தி, மிக்ஸியில் அரையுங்கள். சல்லடை, கரண்டி எல்லாம் குழந்தைக்குத் தனியாக இருக்கட்டும். ரவை, சேமியாவும் கோதுமைதான் என்பதை மறக்க வேண்டாம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை, ரத்தசோகை என்று சந்தேகம் வந்தால், நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு ரத்தப் பரிசோதனை செய்தால் நோய் தெரியாமலே போகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

போன வாரம் பேரன் பள்ளிக்கூடத்துக்குத் தக்காளி சாண்ட்விச் கொண்டு போனான். "அமுச்சி, நாளைக்கு ரெண்டு சேர்த்து வைங்க. ஃபிரெண்டு கேக்கறான்" என்றான். இத்தனை நாள் அடுத்தவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை!

நீங்களும் செய்து பார்த்து எழுதுங்களேன்.

– ஒரு வாசகி, கோவை.