ஹெர்2 எதிர்ப்பொருள்

மார்பகப் புற்றுநோய்த் திசுவில் ஹெர்2 என்னும் புரதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கப்படும்.

கொலுசின் திருகாணி தன் மரையில்தான் இறுகும். இந்த எதிர்ப்பொருளும் அப்படியே, ஹெர்2 புரதத்தைத்தான் பற்றும். பற்றியது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஏற்றியதும் செல்லின் விளிம்பு பழுப்பு நிறமாகும். நோயியல் மருத்துவர் அதை நுண்ணோக்கியில் பார்த்து 0, 1+, 2+, 3+ என மதிப்பிடுவார். 3+ வந்தால் டிரஸ்டுசுமாப் மருந்து பலன் தரக்கூடும். 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அம்மருந்தும் ஓர் எதிர்ப்பொருளே. 2+ வந்தால் மரபணுச் சோதனையும் தேவை.

இத்தகைய ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு உருவாக்கும் முறையைக் கோலர், மில்ஸ்டைன் என்னும் அறிவியலாளர்கள் 1975இல் வெளியிட்டனர். 1984இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.