ஓடில்லாத கீஷும் ஒதுக்கப்படும் மஞ்சள் கருவும்

சர்க்கரை நோய் உள்ளவர்கள், ரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பதாகத் தெரிந்துகொண்டவர்கள், ஒருமுறை மாரடைப்பிலிருந்து தப்பியவர்கள் என்று யாரிடம் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தாலும் ஒரு பதில் மட்டும் மாறுவதில்லை. "மஞ்சள் கருவைத் தொடுறதே இல்லை, டாக்டர்." அடுத்த இரண்டு கேள்விகளில் மற்றதெல்லாம் வெளியே வரும். ராத்திரிக்குப் பரோட்டா, சாயங்கால டீயோடு முட்டை பப்ஸ், வார இறுதியில் கிரீமும் சீஸும் வழியும் ஏதாவது ஒன்று. அந்தப் பப்ஸில்கூட மஞ்சள் கருவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சுற்றியிருக்கும் மைதாவையும் வனஸ்பதியையும் மிச்சமில்லாமல் சாப்பிடுகிறார்கள். இப்படி இரண்டு மூன்று வருடம் பத்தியம் காத்ததாக நம்பி, பரிசோதனைக்கே வராமல் இருந்து, கடைசியில் நெஞ்சுவலியோடு வந்து சேர்கிறார்கள். தவறான பொருளைத் தண்டித்துவிட்டு சரியான பொருளைத் தப்பவிடும் இந்தப் பழக்கத்தை எப்படியாவது உடைக்க வேண்டும். அதற்கு ஒரு சமையல் குறிப்பே நல்ல சாட்சி.

கீஷ், பிரான்சின் வடகிழக்கில் உள்ள லொரேன் பகுதியின் பேரால் உலகுக்கு அறிமுகமான பண்டம். மைதாவையும் வெண்ணெயையும் பிசைந்து தட்டில் ஓடுபோலப் பரப்பி, அதற்குள் முட்டையும் கிரீமும் கலந்து ஊற்றி, பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவி அடுப்பில் சுடுவார்கள். அந்த மாவு ஓட்டை நீக்கி, இறைச்சிக்குப் பதில் காய்கறி சேர்த்து வீட்டிலேயே சுலபமாகச் செய்யலாம். ஓடு உள்ள கீஷிலும் ஓடில்லாத கீஷிலும் முட்டை ஒன்றுதான். மாறுவது மற்றவை. உடலுக்கு எது கேடு என்பதை இந்த ஒரு தட்டைப் பிரித்துப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மஞ்சள் கரு மேல் பழி விழுந்த கதை

1913-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்துப் பார்த்தார். அவற்றின் ரத்தக் குழாய்களில் கொழுப்பு படிந்தது. மிக முக்கியமான ஆய்வுதான். ஆனால் முயல் இலைதழை தின்னும் பிராணி. உணவில் வரும் கொலஸ்ட்ராலைக் கையாள அதன் உடல் பழகியதே இல்லை. மனிதனின் கதை வேறு. நம் உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடலே தயாரிக்கிறது. சாப்பாட்டில் அது கூடினால் பெரும்பாலோரின் உடல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. இருந்தும் 1968-ல் அமெரிக்க இதயச் சங்கம், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று அறிவித்தது. ஒரு பெரிய முட்டையில் ஏறத்தாழ 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பதால், முட்டை அன்றே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டது.

2015–2020 ஆண்டுகளுக்கான அமெரிக்க உணவு வழிகாட்டுதல்கள் அந்த 300 மில்லிகிராம் வரம்பைக் கைவிட்டன. 2019-ல் அமெரிக்க இதயச் சங்கமே, ஆரோக்கியமானவர்கள் நாளுக்கு ஒரு முழு முட்டை சாப்பிடலாம் என்றது. காரணம், ரத்தத்தில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை அதிகமாக ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு என்பது இந்த இடைவெளியில் தெளிவாகியிருந்தது. வெண்ணெய், கிரீம், சீஸ், வனஸ்பதி, பாமாயில் ஆகியவற்றில் நிறைந்திருப்பது அதுதான். ஒரு முட்டையில் அது ஒன்றரை கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அறிவியல் திருத்திக்கொண்டதை நம் வீடுகள் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிச் சத்துணவில் குழந்தைகளுக்கு முட்டையை முழுசாகத்தான் கொடுக்கிறார்கள். வைட்டமின் ஏ, டி, கோலின், முட்டைப் புரதத்தில் ஏறக்குறைய பாதி எல்லாம் மஞ்சள் கருவில்தான் இருக்கின்றன. அதை எடுத்துக் குப்பையில் போடுவது பத்தியமாகாது.

தட்டைப் பிரித்துப் பார்த்தால்

நான்கு பேருக்கான ஒரு வழக்கமான கீஷை எடுத்துக்கொள்வோம். ஓட்டுக்கு 200 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய். உள்ளே 250 மில்லி பிரெஷ் கிரீம், 100 கிராம் சீஸ், நான்கு முட்டை. வெண்ணெயிலிருந்து சுமார் 50 கிராம் நிறைவுற்ற கொழுப்பு வருகிறது. கிரீமிலிருந்து 40 கிராமுக்குச் சற்றுக் குறைவாக, சீஸிலிருந்து 20 கிராம். நான்கு முட்டையும் சேர்ந்து தருவது ஆறு ஏழு கிராம். ஆளுக்குப் பங்கிட்டால் 28 கிராம் அளவுக்கு வரும். நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது ஏறத்தாழ 22 கிராம். அதாவது ஒரு துண்டு கீஷே ஒரு முழு நாளின் ஒதுக்கீட்டைத் தாண்டுகிறது. அதில் முட்டையின் பங்கு இரண்டு கிராமைத் தொடவில்லை. பத்தியம் காப்பதாக நம்பும் ஒருவர் இதிலிருந்து மஞ்சள் கருவை மட்டும் பொறுக்கி எடுத்தால் என்ன மிச்சமாகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அதே நான்கு முட்டையை வைத்துக்கொண்டு ஓட்டையும் கிரீமையும் சீஸையும் எடுத்துவிட்டு, கீழே சொல்லும் முறையில் செய்தால், ஒருவருக்கு நிறைவுற்ற கொழுப்பு ஐந்து கிராம் அளவில் நிற்கும். புரதம் பத்து கிராம் கிடைக்கும். கூடவே 200 கிராம் மைதா காணாமல் போகிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்று மாவுச்சத்திலேயே ஓடும் வீடுகளில், ஒரு வேளையாவது புரதமும் காய்கறியும் முன்னால் நிற்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஓட்டை மட்டும் நீக்கிவிட்டு, "இது ஆரோக்கியமானது" என்ற தைரியத்தில் சீஸை இரட்டிப்பாக்குபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு கதவைச் சாத்திவிட்டு மறு கதவைத் திறந்ததுபோலத்தான். சீஸில் கொழுப்போடு உப்பும் அதிகம். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாயும் அப்பளமும் ஏற்கெனவே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்ட பிறகு சீஸுக்கு இடமேது?

எதிர்வாதங்களுக்குப் பதில்

2019-ல் ஜாமா இதழில் வந்த அமெரிக்க ஆய்வைக் காட்டுபவர்கள் உண்டு. ஆறு ஆய்வுக் குழுக்களைச் சேர்ந்த 29,615 பேரின் விவரங்களைத் தொகுத்த அந்த ஆய்வு, முட்டை கூடக்கூட இதய நோயும் சற்றுக் கூடுவதாகச் சொன்னது. அதைப் புறக்கணிக்கக் கூடாது. ஆனால் அது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு. என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைத் தொடக்கத்தில் ஒருமுறை கேட்டுக்கொண்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்த நோயோடு பொருத்திப் பார்த்தார்கள். அமெரிக்கத் தட்டில் முட்டை தனியாக வருவதும் அரிது. பேக்கனும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் கூட வரும். அடுத்த ஆண்டே பி.எம்.ஜே. இதழில் வந்த பெரிய ஆய்வு, நாளுக்கு ஒரு முட்டை வரை சாப்பிடுவதற்கும் இதய நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது கிடைப்பது நிதானமான ஒரு முடிவு: ஆரோக்கியமானவருக்கு நாளுக்கு ஒன்று பயப்படத் தேவையில்லாத அளவு. சர்க்கரை நோயோடு எல்.டி.எல்.லும் உயர்ந்திருப்பவர்கள் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும். எத்தனை முட்டை என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அவர்கள் இதே கீஷை இரண்டு முழு முட்டை, நான்கு வெள்ளைக் கரு வைத்துச் செய்துகொள்ளலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் புரதமும் காய்கறியும்கூட அளவு பார்த்துத்தான்.

செய்முறை

நான்கு முட்டை, 150 மில்லி பால், இரண்டு மேசைக்கரண்டி கடலை மாவு, உதிர்த்த பனீர் 50 கிராம், காய்கறி 350 கிராம், இரண்டு தேக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள். வெங்காயம், கேரட், குடைமிளகாய், காளான், பசலைக்கீரை எதுவும் ஏற்றது. காய்களைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் நன்றாக வதக்குங்கள். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். காளானும் கீரையும் விடும் தண்ணீர் சுண்டாவிட்டால் கீஷ் கட்டியாக நிற்காது, நடுப்பகுதியும் வேகாது. காய் ஆறியதும், கடலை மாவைப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, முட்டையைத் தனிக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்து அதில் சேர்த்து அடித்து, காயும் பனீரும் உப்பும் மிளகும் கலந்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றுங்கள். ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 30 முதல் 35 நிமிடம். ஓவன் இல்லையென்று யாரும் கைவிட வேண்டாம்: இட்லிப் பானையில் தட்டை மூடி வைத்து 25 நிமிடம் ஆவியில் வேகவைத்தாலும் போதும், மேலே சிவக்காது என்பது ஒன்றுதான் குறை. நடுவில் கத்தியைச் செருகி எடுத்தால் ஈரம் ஒட்டாமல் வர வேண்டும். பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

பச்சை முட்டையும் மற்ற நம்பிக்கைகளும்

நடுப்பகுதி வேக வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பச்சை முட்டை பலம் தரும் என்ற நம்பிக்கை உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பாலில் பச்சை முட்டையைக் கலக்கிக் குடிக்கும் இளைஞர்கள், வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டை கொடுக்கும் வீடுகள் இரண்டும் குறையவில்லை. உண்மை நேர்மாறு. 1998-ல் பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வில், வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் செரித்தது. பச்சை முட்டையில் 50 சதவீதம்தான். பச்சை வெள்ளைக் கருவில் உள்ள அவிடின், பயோட்டின் என்ற வைட்டமினையும் உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக சால்மொனெல்லா. ஓட்டின் வெளியே மட்டுமல்ல, முட்டைக்குள்ளேயும் அந்தக் கிருமி இருக்கலாம். முட்டை உணவு 71 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும் என்று சொல்வது அதனால்தான். கிருமி உள்ளே போனால் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் மூன்று நாளுக்குள் வந்துவிடும். அப்போதாவது மருத்துவரிடம் வருகிறார்களா? மருந்துக் கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரையை வாங்கி, யாரோ முன்பு சாப்பிட்டு மீந்த ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, நாக்கு வறண்டு, சிறுநீர் நின்ற பிறகு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். காய்ச்சலோடும் ரத்தத்தோடும் பேதியாகும்போது அதை மாத்திரை போட்டு அடைப்பது ஆபத்து. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடித்துக்கொண்டே மருத்துவரிடம் வாருங்கள். வேறு எதையும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

முட்டை சூடு, கட்டி கிளம்பும் என்று கோடையில் குழந்தைகளுக்கு நிறுத்துகிறார்கள். கட்டிக்குக் காரணம் தோலில் நுழையும் கிருமி. தையல் போட்ட புண்ணில் முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்பது இதைவிட மோசம். அறுவை சிகிச்சை முடிந்து புண் ஆறுவதற்குப் புரதம் மிகவும் தேவைப்படும் நாட்களில் கஞ்சியும் ரசமும் மட்டுமே கொடுத்துப் போட்டு வைக்கிறார்கள். முட்டை உண்மையிலேயே ஒவ்வாதவர்கள் சிலர் உண்டு. சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அவர்கள் அதைத் தொடவே கூடாது. மற்றபடி, நாட்டுக் கோழி முட்டையில் கொலஸ்ட்ரால் இல்லை என்பதும் பொய். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, கருவின் நிறம் அது தின்ற தீவனத்தைப் பொறுத்தது.

கொழுப்பைக் "கரைக்கும்" பூண்டு–எலுமிச்சை–இஞ்சிச் சாற்றை நம்பி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துபவர்கள்தான் அதிகம் கவலை தருகிறவர்கள். மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும் என்று கைபேசியில் யாரோ அனுப்பிய செய்தி போதும், மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு குப்பைக்குப் போகிறது. பூண்டைச் சமையலில் தாராளமாகப் போடுங்கள், இந்தக் கீஷிலும் போடலாம். மாத்திரையின் வேலையை அது செய்யாது. உணவு மாற்றம் மாத்திரைக்குத் துணை. தசைவலியோ வேறு தொந்தரவோ இருந்தால் வந்து சொல்லுங்கள், அளவைக் குறைக்கவும் வேறு மருந்துக்கு மாற்றவும் வழி உண்டு. சொல்லாமல் நிறுத்தாதீர்கள். 30 வயதைத் தாண்டியவர்கள் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெந்த பிறகும் கவனியுங்கள்

கீஷ் செய்த கையோடு மேசையிலேயே விட்டுவிடாதீர்கள். நம் வெயிலில் முட்டையும் பாலும் சேர்ந்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. காலையில் செய்ததை டப்பாவில் அடைத்துக் குழந்தையின் பையில் போட்டு, மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடச் சொல்லாதீர்கள். தயவுசெய்து அன்றைக்கு வேறு எதையாவது கொடுத்தனுப்புங்கள். மீந்ததை ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் மூடி வைத்து மூன்று நாளுக்குள், உள்வரை ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டு முடியுங்கள். கர்ப்பிணிகளுக்கும், சிறு குழந்தைகளுக்கும், முதியவர்களுக்கும், கீமோதெரபி எடுத்துக்கொள்பவர்களுக்கும் அன்றன்று செய்ததையே கொடுங்கள். விரிசல் விட்ட முட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள், முட்டையைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் சாலட் நறுக்காதீர்கள். மஞ்சள் கருவைத் தயங்காமல் உள்ளே போடுங்கள். வெண்ணெய்ப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது தயங்குங்கள்.