நைட்ரோ அவுட்போர்ட் படகு: எஞ்சினைக் கடைசியில் வாங்குங்கள்

இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயத் திடல் இருக்கிறது. 1998 முதல் ஹூண்டாய் ஆலை ஓடுகிறது. இங்கிருந்து ஒரகடம் வரை எஞ்சினோடு பழகிய கைகள் ஏராளம். ரிமோட் படகின் குட்டி எஞ்சின் மேல் உங்களுக்கு ஆசை வந்தால் வியப்பில்லை. ஆனால் நம் ஊரில் முதலில் எரிபொருள், அடுத்து தண்ணீர், அதற்கும் பிறகுதான் எஞ்சின்.

அவுட்போர்ட் என்றால் என்ன? காசிமேட்டில் ஃபைபர் படகின் பின்னால் தொங்கும் மோட்டாரின் சிறு வடிவம்தான். தனிச் சுக்கான் கிடையாது. எஞ்சினே இடம் வலமாகத் திரும்பிப் படகைத் திருப்பும். வழக்கமான அளவு 3.5 சிசி. அமெரிக்காவின் கே அண்ட் பி, ஜப்பானின் ஓ.எஸ். ஆகியவை இதில் பெயர்பெற்றவை.

பெட்ரோல் ஊற்றலாமா? கூடாது. இது டூ-ஸ்ட்ரோக்தான், ஆனால் தீப்பொறி இல்லை. குளோ பிளக் (கனன்று எரிபொருளைப் பற்றவைக்கும் சிறு கம்பிச்சுருள்) உண்டு. ஸ்டார்ட் செய்ய மட்டும் அதற்கு 1.5 வோல்ட் கொடுக்கிறோம். பிறகு அதிலுள்ள பிளாட்டினத்தில் எரிபொருளில் இருக்கும் மெத்தனாலின் ஆவி பட்டு வினைபுரிவதால் கம்பி தானே கனன்றுகொண்டிருக்கும். பெட்ரோலில் அது நடக்காது.

அப்படியானால் எரிபொருள் எது? மெத்தனால், எண்ணெய், நைட்ரோமீத்தேன் (தன்னுள்ளேயே ஆக்சிஜன் கொண்ட, வேகம் கூட்டும் திரவம்) மூன்றின் கலவை. எண்ணெய் என்பது பெரும்பாலும் ஆமணக்கெண்ணெய் அல்லது செயற்கை எண்ணெய். பைக் 2டி ஆயில் வேண்டாம். மெத்தனாலோடு சரியாகக் கலக்காது, எஞ்சின் இறுகிவிடும்.

வீட்டிலேயே கலக்கலாமா? வேண்டவே வேண்டாம். சாராயத்தில் கலந்து 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது இதே மெத்தனால். பிழைத்தாலும் கண்பார்வை போகலாம். தமிழ்நாட்டில் இதை வைத்திருக்கவும் விற்கவும் 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவை. எனவே தயார் கலவையை பில்லோடு விற்கும் கடையைத் தேடுங்கள். அதை வீட்டில் வைத்திருக்க உங்களுக்கும் உரிமம் வேண்டுமா என்று மாவட்ட மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

வாங்கிய பின்? அது வந்த டப்பாவிலேயே, பூட்டிய இடத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஒருபோதும் மாற்றாதீர்கள். தோல் வழியாகவும் உடலுக்குள் போகும்; கையுறை அவசியம். மெத்தனால் எரியும் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது.

எங்கே ஓட்டுவது? செம்பரம்பாக்கம் வேண்டாம், அது சென்னையின் குடிநீர் ஏரி, இந்த எஞ்சினோ எண்ணெயைப் புகையோடு தண்ணீரில் கக்கும். மற்ற ஏரி குளங்களுக்கு நீர்வளத்துறை அல்லது ஊராட்சியின் அனுமதி தேவை. தனியார் குட்டை, உரிமையாளரின் சம்மதத்தோடு, எளிது. ஆளோ, மாடோ, பறவையோ இருந்தால் ஓட்டாதீர்கள். சத்தமும் பெரிது, வீடுகளை விட்டுத் தள்ளியிருங்கள்.

நடுத்தண்ணீரில் நின்றுவிட்டால்? எடுத்து வர இன்னொரு படகோ, தூண்டில் நூலின் நுனியில் கட்டிய டென்னிஸ் பந்தோ தயாராக இருக்கட்டும். நீந்திப் போகாதீர்கள், கல்குவாரிக் குட்டையில் இறங்கவே இறங்காதீர்கள். படகு கவிழ்ந்தாலும் மிதக்க உள்ளே நுரைத் துண்டுகளை அடைத்துவிடுங்கள்.

புது எஞ்சினை எப்படிப் பழக்குவது? முதல் சில டேங்குகளுக்கு எரிபொருள் ஊசியைச் சற்றுத் திறந்தே வையுங்கள். வெள்ளைப் புகை நன்றாக வர வேண்டும். சிக்கனம் பார்த்து இறுக்கினால் எண்ணெயும் குறையும், பிஸ்டன் தேயும். எஞ்சினைக் குளிர்விப்பது கீழிருந்து ஏறும் தண்ணீர்தான். கரையில் வைத்து முறுக்காதீர்கள். சிக்னல் அறுந்தால் வேகம் தானே குறையும்படி ரிமோட்டை அமைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டி முடித்ததும்? மிச்ச எரிபொருளை எடுத்துவிட்டு, உள்ளே தங்கியது எரிந்து தீரும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டரிலும் பிளக் துளையிலும் சில சொட்டு எண்ணெய் விடுங்கள். மெத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

எரிபொருளுக்கோ தண்ணீருக்கோ வழி கிடைக்கவில்லையா? மின்சார அவுட்போர்ட் படகில் தொடங்குங்கள். திருப்பமும் வேகமும் அதிலும் கைவரும். எரிபொருள், தண்ணீர் இரண்டுக்கும் நேர்வழி உறுதியான பிறகு நைட்ரோ எஞ்சினுக்குப் பணம் கொடுங்கள்.