வியாழனுக்குள் இருப்பதை எப்படி அறிந்தார்கள்?

வியாழனில் கால் வைக்கத் தரை கிடையாது. தொலைநோக்கியில் தெரியும் வண்ணப் பட்டைகள் எல்லாமே மேகங்கள். அவற்றுக்குக் கீழே ஹைட்ரஜனும் ஹீலியமும் ஆழம் போகப் போக அடர்ந்துகொண்டே போகின்றன. பூமியைவிட 318 மடங்கு நிறை கொண்ட அந்தக் கோளின் மையம், மேகங்களின் உச்சியிலிருந்து ஏறக்குறைய 70,000 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. 1995 டிசம்பரில் கலிலியோ திட்டத்தின் ஆய்வுக்கலம் ஒன்று பாராசூட் கட்டி உள்ளே இறங்கியது. சுமார் 150 கி.மீ. ஆழம்வரை போய், 57 நிமிடம் தகவல் அனுப்பிவிட்டு, வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் அடங்கிப்போனது. அதற்குக் கீழே எந்தக் கருவியும் போனதில்லை.

போகாமலேயே அந்த ஆழத்தைப் பற்றி இன்று இவ்வளவு பேச முடிகிறது என்றால், அதற்குப் பெரும் காரணம் நாசாவின் ஜூனோ விண்கலம். ஜூனோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவை அதன் படங்கள்தான். வடதுருவத்தில் ஒரு புயலை எட்டுப் புயல்கள் வளையமாகச் சூழ்ந்து நிற்கும் அந்தப் படம் பார்த்தால் மறக்காது. ஆனாலும் என்னைக் கேட்டால், ஜூனோவின் ஆகப் பெரிய சாதனை கேமராவே தேவைப்படாத ஒரு சோதனையில்தான் இருக்கிறது.

2011 ஆகஸ்ட் 5 அன்று கிளம்பிய ஜூனோ, 2013இல் பூமியின் அருகே மறுபடி வந்து அதன் ஈர்ப்பால் வேகத்தைக் கூட்டிக்கொண்டு, அமெரிக்க நேரப்படி 2016 ஜூலை 4 இரவு வியாழனை அடைந்தது. 35 நிமிடம் எஞ்சினை எரித்து வேகத்தைக் குறைத்த பிறகே வியாழனின் பிடிக்குள் வந்தது. வெயில் நம்மிடம் இருப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் அங்கே. ஒவ்வொன்றும் 9 மீட்டர் நீளமுள்ள மூன்று சூரியத் தகடுகள் இருந்தும் கிடைப்பது 500 வாட் அளவுதான்.

அதைவிடப் பெரிய தொல்லை கதிர்வீச்சு. வியாழனின் காந்தப்புலத்தில் சிக்கிய எலெக்ட்ரான்கள் கோளைச் சுற்றி ஒரு பட்டையாகச் சுழல்கின்றன. மின்னணுச் சாதனங்களுக்கு அது எமன். அதனால் ஜூனோவின் மூளையை ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள டைட்டானியம் பெட்டகத்துக்குள் பூட்டினார்கள். பாதையையும் அதற்கேற்ற மாதிரி வகுத்தார்கள். நெடுந்தொலைவு விலகிப் போய், திரும்பி வந்து, கோளுக்கும் கதிர்வீச்சுப் பட்டைக்கும் இடையே உள்ள சந்தில் புகுந்து, வடதுருவத்திலிருந்து தென்துருவத்துக்கு இரண்டே மணி நேரத்தில் பாய்ந்து கடக்கும் பாதை அது. தொடக்கத்தில் ஒரு சுற்றுக்கு 53 நாள் ஆனது. இதை 14 நாளாகச் சுருக்குவதாக இருந்தது. 2016 அக்டோபரில் எஞ்சினோடு சேர்ந்த இரண்டு வால்வுகள் திறக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டதால், விஷப்பரீட்சை வேண்டாம் என்று நீண்ட பாதையிலேயே விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு. அளவீடுகள் எல்லாம் அந்த நெருக்கமான சில மணி நேரத்தில்தான் நடக்கின்றன. நாள் கூடுமே தவிர, தரம் குறையாது.

இனி அந்தச் சோதனைக்கு வருவோம். விரைவு ரயில் ஒன்று நிற்காமல் ஸ்டேஷனைக் கடந்தால், நெருங்கும்வரை ஹாரன் ஒலி கூர்மையாகக் கேட்கும். கடந்ததும் சட்டென்று தணியும். ரேடியோ அலையும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில் இருக்கும் கோல்ட்ஸ்டோன் நிலையத்தின் 34 மீட்டர் ஆன்டெனா, ஜூனோவை நோக்கி ஓர் அலையை அனுப்புகிறது. இத்தாலியில் செய்யப்பட்ட ஒரு கருவி அதை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. போய் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வந்த அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால், கலத்தின் வேகம் எவ்வளவு மாறியது என்று தெரிந்துவிடும். நொடிக்கு 50 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் பாயும் கலத்தின் வேகத்தில், நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மாறினாலும் கண்டுபிடித்துவிடலாம். எனக்கு இது இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

வேகம் ஏன் மாறுகிறது? கீழே நிறை கூடுதலாக உள்ள இடத்தில் ஈர்ப்பும் கூடும்; கலம் ஒரு துளி அதிகமாக இழுபடும். வியாழன் முழுதும் ஒரே சீராகச் சுழலும் வாயு உருண்டையாக இருந்தால், வடபாதியின் இழுப்பும் தென்பாதியின் இழுப்பும் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆனால் வண்ணப் பட்டைகளில் வீசும் காற்றுகள் வடக்கிலும் தெற்கிலும் ஒரே மாதிரி இல்லை. அவை மேலோட்டமானவை என்றால் ஈர்ப்பில் அடையாளமே தெரியாது. ஆழமாக வேரோடியிருந்தால், இரு பாதிகளும் கலத்தை வெவ்வேறு விதமாக இழுக்கும்.

ஜூனோ கண்டது இரண்டாவதை. ரோமின் லூச்சானோ இயெஸ், இஸ்ரேலின் யோஹாய் காஸ்பி ஆகியோரின் குழுக்கள் 2018 மார்ச்சில் முடிவுகளை வெளியிட்டன. காற்றுகள் சுமார் 3,000 கி.மீ. ஆழம்வரை இறங்குகின்றன. அந்த அடுக்கில் மட்டும் வியாழனின் நிறையில் நூறில் ஒரு பங்கு, அதாவது மூன்று பூமிகளின் நிறை, ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே காற்றில்லை. எல்லாம் ஒரே உடலாகச் சுழல்கின்றன. அந்த ஆழத்தில் அழுத்தம் நம் தரைமட்டத்தைப் போல ஒரு லட்சம் மடங்கு. அவ்வளவு நெரிக்கப்பட்ட ஹைட்ரஜன் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. உடனே காந்தப்புலம் அதைப் பிடித்து இழுக்க, தனித்தனிக் காற்றோட்டங்கள் அங்கே நின்றுபோகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். புகழ்பெற்ற பெரும் சிவப்புப் புள்ளியையும் இதே முறையில் அளந்தார்கள். 2019இல் இருமுறை அதன் மேலே பறந்தபோது கிடைத்த கணக்குப்படி, அதன் ஆழம் 500 கி.மீ.க்கு மிகாது.

மையத்தைப் பற்றிய செய்திதான் பலரின் நம்பிக்கையைப் புரட்டிப்போட்டது. நடுவில் பாறையும் பனியுமாக ஒரு கெட்டிக் கரு, அதைச் சுற்றி வாயு என்பதுதான் பாடப்புத்தகப் படம். ஜூனோவின் ஈர்ப்பு அளவீடுகளோ, கனமான பொருள்கள் ஹைட்ரஜனோடு கலந்து, கோளின் ஆரத்தில் ஏறக்குறையப் பாதிவரைகூடப் பரவியிருக்கலாம் என்கின்றன. கோள் உருவான புதிதில் பூமியைப் போல் பத்து மடங்கு நிறையுள்ள இன்னொரு கோள் நேருக்கு நேர் மோதிக் கருவைச் சிதறடித்திருக்கும் என்று 2019இல் ஒரு குழு விளக்கம் சொன்னது. அதை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம். 2021இல், காசினி விண்கலம் பதிவுசெய்த சனியின் வளைய அலைகளை ஆராய்ந்தவர்கள் அங்கேயும் கரு கலங்கிப் பரந்துதான் கிடக்கிறது என்று கண்டார்கள். அப்படி ஓர் அபூர்வ மோதல் பக்கத்துப் பக்கத்துக் கோள்கள் இரண்டிலும் நடந்திருக்கும் என்பதைவிட, பெருங்கோள்கள் வளரும்போதே திடப்பொருளும் வாயுவும் சேர்ந்தே உள்ளே போய்க் கலந்திருக்கும் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.