லாரியின் பின்சக்கரப் பேரிங்குகள்

அறுவடைக் காலத்தில் நெல்மூட்டையும் கரும்பும் ஏற்றிச் செல்லும் லாரியின் பின்சக்கரப் பேரிங் திடீரென்று கெடுவதில்லை. வேகத்திற்கேற்ப ஏறியிறங்கும் ஒரு முனகல் முதலில் கேட்கும். அதைப் பொருட்படுத்தாது பாரமேற்றி ஓட்டினால், பேரிங் உடைந்து, ஆக்ஸில் குழாயின் முனையும் தேய்ந்து, சக்கரமே கழன்றுவிடக் கூடும்.

வண்டிக்குடம் வறண்டு கிறீச்சிடுவதைக் கேட்டுப் பழகியவர்கள் இம்முனகலை எளிதில் அறிவர். எனினும் டயரும் டிபரென்ஷியலும் இவ்வாறே ஒலிக்குமாதலின் காதை மட்டும் நம்புதல் தகாது. லாரி ஓடி நின்றவுடன் பின்சக்கர ஹப்புகள் இரண்டின் அருகிலும் கையைக் கொண்டுசென்று பார்க்க, ஒன்று மட்டும் அதிகமாய்ச் சுடுமாயின், அங்கே பேரிங்கோ, உராயும் பிரேக்கோ பழுதுற்றிருக்கும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியில் இருத்தியபின், கியரை நியூட்ரலில் வைத்துப் பிரேக்கைத் தளர்த்த வேண்டும். பேரிங் கெட்டிருப்பின், சக்கரத்தைக் கையால் சுழற்றுகையில் கரகரப்பும், மேலுங்கீழும் பிடித்து அசைக்கையில் ஆட்டமும் புலப்படும்.

பாரலாரிகள் பெரும்பாலானவற்றில் சுமையைத் தாங்குவது ஆக்ஸில் குழாயே. உள்தண்டின் வேலை சக்கரத்தைச் சுழற்றுவது மட்டுமே. ஆகையால் தண்டை உருவிவிட்டு, நட்டைக் கழற்றி, ஹப்பை வெளியே எடுக்கலாம். உருளைகள் நீலம்பாய்ந்திருப்பின் மிகுந்த சூடு கண்டவை. குழிவிழுந்திருப்பின் உழைத்து ஓய்ந்தவை. உருளைக்கூட்டை மட்டும் மாற்றிப் பழைய வெளிவளையத்தை விட்டுவைப்பது வீண்செலவு. ஆயில் சீலும் புதிதாயிருத்தல் அவசியம். எண்ணெயில் நனைந்த பிரேக் லைனிங்கையும் மாற்றிவிட வேண்டும்.

நட்டை முடுக்குவதிலேதான் பெரும்பிழை நேர்கின்றது. உள்ள பலத்தையெல்லாம் காட்டி இறுக்கினால் புதுப் பேரிங்கும் எரியும். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே முடுக்கி, தயாரிப்பாளரின் புத்தகத்திற் கண்ட அளவு பின்தளர்த்தி, நட்டைப் பூட்டவேண்டும். பிறகு வெற்றுவண்டியாக 10 கிலோமீட்டர் ஓட்டி, இரு ஹப்புகளின் சூடும் ஒத்திருக்கக் கண்டபின்னரே மூட்டை ஏற்றலாம்.