அண்டா நிறையக் கஞ்சி

கொல்லிமலை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை, அறப்பளீசுவரர் கோயில், திரும்பும்போது பையில் கட்டிக்கொண்டு வந்த மிளகு, இவ்வளவுதானே? அந்த வளைவுகளில் ஒன்றுகூட இல்லாத நாளில் அங்கே நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலப் பாதிரியாரும் அவர் மனைவி ஈவ்லினும் 1913-ல் கல்யாணமான கையோடு இந்த மலையில் குடியேறினார்கள். ஐந்து வருஷம் கழித்து, உலக யுத்தம் முடிகிற சமயத்தில், பம்பாய்த் துறைமுகம் வழியாக நம் நாட்டுக்குள் புகுந்தது இன்ஃப்ளுயென்சா ஜுரம். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த அந்தப் பிசாசு, கொல்லிமலையையும் விட்டு வைக்கவில்லை. பயந்து ஓட்டம் பிடித்தவர்கள் உண்டு. அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஓடாத வீட்டிலோ எல்லோருமே பாயில் கிடந்தார்கள். அடுப்பு மூட்ட யார் இருக்கிறார்கள்?

பிராண்டு தம்பதியிடம் அந்த ஜுரத்துக்கு மருந்து இல்லை. அவர்களிடம் என்ன, உலகத்திலேயே இல்லை! பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல்தான். ஆகவே அவர்கள் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சினார்கள். ஊர் ஊராகக் கொண்டுபோய், படுத்துக் கிடந்தவர்களுக்குப் புகட்டினார்கள்.

"பூ! கஞ்சிதானா?" என்கிறீர்களா? ஜுரம் உடம்பின் நீரை வற்ற அடிக்கிறது. எழுந்து ஒரு வாய் தண்ணீர் மொண்டு குடிக்கத் தெம்பில்லாதவன் தாகத்தாலேயே போய்விடுவான். அந்தக் கஞ்சி தண்ணீராகவும் இருந்தது, உணவாகவும் இருந்தது.

அதுவரை அவர்களை எதிர்த்து வந்த ஒரு பூசாரியும் அவர் மனைவியும் அந்த ஜுரத்தில் சாகக் கிடந்தார்கள். அவர் தம் பச்சைக் குழந்தையை யார் கையில் ஒப்படைத்தார் தெரியுமோ? அந்தத் தம்பதியிடம்தான்!

நூறு வருஷம் கழித்து, 2020-ல், கொரோனா வந்தது. ஐரோப்பாவில் முதல் அலையில் மாண்டவர்களில் பாதிப் பேர் வரை முதியோர் இல்லம் போன்ற இடங்களில் இருந்தவர்கள் என்றது உலக சுகாதார நிறுவனம். இங்கே கவனிக்க யாரும் இல்லாமல் அல்ல. கவனிக்க வந்தவர்களின் மூச்சோடுதான் பல இடங்களில் நோய் உள்ளே நுழைந்தது. பிறகு கதவைச் சாத்தினார்கள். பெற்ற பிள்ளை ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

நம் வீட்டுப் பாட்டியும் தாத்தாவும் கூடத்திலேயே இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போய் வந்த பேரன் அவர்கள் மடியில்தான் விழுகிறான். போதாததற்கு நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய்க்குச் சாப்பிடும் மருந்து என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு விஷயம் சொல்லட்டுமா? வயதானவர்களுக்கு உடம்பு சுடாமலே நோய் முற்றிவிடுவது உண்டு. திடீரென்று பேச்சு குழறுகிறது, சோறு வேண்டாம் என்கிறார்கள் என்றால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். வீட்டில் ஜலதோஷம் பிடித்தவர் அவர்கள் பக்கம் போகாமல், தெம்பாக உள்ள ஒருவரே மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக் கஞ்சி கொடுக்கட்டும். தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள்.

ஜெஸ்ஸி பிராண்டு 1929-ல் மலேரியா முற்றி அந்த மலையிலேயே காலமானார். ஈவ்லின் அம்மாள் வயதான காலத்தில் கையில் மூங்கில் கழியோடும், முடியாதபோது மட்டக் குதிரை மேலும், மலைக் கிராமங்களைச் சுற்றி வந்துகொண்டே இருந்தார். 1974-ல் அவர் கண்ணை மூடியபோது வயது 95.